அரைச்சுருதி மேலே

அருவங்காட்டில் காலை ஆறே முக்காலுக்குத்
தொழிற்சாலைச் சங்கு ஊதும்.
மற்றவர்கள் அதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தினார்கள்.
பெனடிக்டா கிதாரின் தடித்த கம்பியைத் தளர்த்தினாள்,
சங்கும் கம்பியும் ஒன்றாய் உறுமும்வரை.

அதனால்தான் எங்கள் பாட்டெல்லாம்
சற்றுத் தாழ்ந்து,
மழைக்காலத்துக் கதவு மாதிரி
தரையில் உரசிக்கொண்டு திறந்தன.
'இருண்ட, புதிய ஒலி' என்று பத்திரிகையில் வந்தது.
வெடிமருந்து ஆலையின் சங்கு என்று
நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

நான் போஜன். டிரம்ஸ்.
கேத்தி பாலாடாவில் எங்களுக்குக்
கேரட் கழுவும் மெஷின் இருக்கிறது.
இரும்பு உருளைக்குள் கேரட் புரளும் தாளத்தைத்
தொடையில் தட்டிக் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.
"இதையே இன்னும் மெதுவா," என்றாள்.

பேஸ் கிதார் இர்ஷாத்.
குன்னூரில் அவன் அப்பாவுக்குக் குடைக்கடை.
மழை பெய்தால் ஒத்திகைக்கு வரமாட்டான்.
நீலகிரியில் ஒரு மனிதனுக்கு
இதைவிட மோசமான பழக்கம் கிடையாது.

முதல் மேடை, அறுப்பின் பண்டிகை.
இரண்டு பாட்டு என்று சொல்லி ஏறி ஆறு முடித்திருந்தோம்.
ஏழாவதில் ஆயர் மெயின் ஸ்விட்சை இறக்கினார்.
ஏலத்துக்கு வைத்த பூசணிக்காய்மேல் உட்கார்ந்து
இருட்டில் அவள் மீதியைப் பாடினாள்.
அந்தக் காயை யாரும் ஏலம் எடுக்கவில்லை.

'ஈரத் தீக்குச்சி' என்று பெயர் வைத்தோம்.
முந்நூறு கேசட் போட்டு நாற்பத்தொன்று விற்றோம்.
பிறகு பெங்களூர்.
பிறகு ஒரு வேன், அதன் கடன்,
ஊர் பெயர் மறந்துபோன ஹோட்டல் அறைகள்,
எல்லா அறையிலும் அவளுக்கு வேர்த்தது.

'திங்கட்கிழமைத் தலைவலி' தெரியும்தானே?
உங்களுக்கும் அது ஆபீஸ் பாட்டுதான்.
ஐயாயிரம் பேர் கழுத்துப் பட்டையோடு
கூடவே கத்துவார்கள்.
அது அவள் அப்பாவைப் பற்றியது.
மருந்துக் கலவை அறையில் வேலை.
வாரம் முழுக்க ரத்தத்தில் ஏறிய மருந்து
ஞாயிறு ஓய்வில் வடிந்துவிடும்.
திங்கள் காலை உள்ளே நுழைந்ததும்
தலை பிளக்கும்.
அதற்காக அவர் ஞாயிறுகளிலும்
வேலைச் சட்டையை முகர்ந்தபடி உட்கார்ந்திருப்பார்.
இந்தச் சரணத்தை ரெக்கார்டு கம்பெனி வெட்டிவிட்டது.

மிச்சத்தைத் தலைவலி மாத்திரை விளம்பரத்துக்குக் கேட்டார்கள்,
வேகமாக, சுருதியை ஏற்றி.
மறுப்பாள் என்றுதான் நினைத்தேன்.
கையெழுத்துப் போட்டாள்.
காரக்கொரையில் அப்பாவுக்கு வீடு வந்தது.
இர்ஷாத் இரண்டு வருடம் பேசவில்லை,
வெயில் அடித்த நாட்களிலும்.

புனேயில் ஒரு கச்சேரி.
முடிந்து விளக்கெல்லாம் அணைந்த பிறகும்
அவளுடைய இடது காதில் ஒரு ஒலி நிற்கவில்லை.
இன்றுவரை நிற்கவில்லை.
மருத்துவர் படம் வரைந்து காட்டினார்.
அவள் படத்தை மடித்துக்
கிதார் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.
ஒன்பது வருடம் பெட்டி திறக்கவில்லை.

"ஊர்ச் சங்குதான் உனக்குள்ள வந்துடுச்சோ?"
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
அழகாக இருக்கிறதே என்ற நினைப்பு எனக்கு.
"மண்ணாங்கட்டி," என்றாள்.
"சங்குன்னா பரவாயில்லையே.
இது அரைச்சுருதி மேலே.
அதான் தாங்க முடியல."

இப்போது விடியற்காலை நாலரைக்குக் களத்துக்கு வருகிறாள்.
மெஷின் ஓடினால் காது கொஞ்சம் அடங்குகிறதாம்.
சாக்குமேல் உட்கார்ந்து, சேற்றுத் தண்ணீரில் கால் வைத்து,
லோடு ஏற்றும் பெண்களிடம் பீன்ஸ் விலை விசாரிப்பாள்.

நேற்று பெட்டியோடு வந்தாள்.
துருவைத் துடைத்துத்
தடித்த கம்பியை முறுக்கினாள்,
சங்கைத் தாண்டி,
இன்னும் கொஞ்சம்,
தனக்கு மட்டும் கேட்கிற இடத்துக்கு.
கம்பி தாங்கியது.
உருளைக்குள் கேரட் புரண்டது.
என் கை தொடைக்குப் போனது.

மேட்டுப்பாளையம் லாரி ஏழு மணிக்கு.
அதுவரை மெஷினை நிறுத்தாதே என்கிறாள்.

வெளியே நல்ல மழை.
இர்ஷாதுக்குப் போன் போட்டிருக்கிறோம்.