கெடு

டவ்பன்லோக் பள்ளத்தில் நீர்மட்டம் அளக்கும் பெட்டி
வெள்ளி இரவு இரண்டேகாலுக்குப் பேச்சை நிறுத்தியது.
பீல் நகரம் தூங்கிக்கொண்டிருந்தது,
தான் செய்த கடிகாரங்களைத் தானே கட்டியபடி.

திங்கள் காலை பெட்டியைத் தூக்கி வந்தான் ரேட்டோ.
மூடிக்குள் ஈரம். பேட்டரி செத்திருந்தது.
சென்சார் வயரில் பல் தடம்.
எலி என்றேன். மரநாய் என்றான்.

பல்லின் குற்றம் பாதிதான்.
மீதி, நான் எழுதிய இரண்டு வரி:
வேலையாக இருக்கிறாயா என்று கேள்;
ஆம் என்றால் மறுபடி கேள்.
அறுந்த கம்பி எதைக் கேட்டாலும் ஆம் சொல்லும்.
எட்டு பிட்டும் ஒன்று,
ஆளில்லாத வீட்டில் எல்லா விளக்கும் எரிகிற மாதிரி.
அந்த வாசலில் நின்று என் நிரல்
நொடிக்குப் பத்தாயிரம் தடவை தட்டியது.
தட்டித் தட்டியே பேட்டரியைக் குடித்தது.

கையேட்டில் இருந்தது: வழக்கமாக மூன்று மில்லிநொடி.
அந்த 'வழக்கமாக'வை
வாக்குறுதி என்று வாசித்திருக்கிறேன்.

ரேட்டோ திட்டவில்லை.
வரியின் ஓரத்தில் இரண்டு சொல் எழுதினான்:
எவ்வளவு நேரம்?
கடிகாரம் செய்து பிழைக்கிற ஊரில்
மணி பார்க்கத் தெரியாத ஒரு காத்திருப்பு.

மாற்றினேன்.
கேள். ஆம் என்றால் அரை மில்லிநொடி கண்ணயர்,
மற்ற வேலைகளுக்கும் வயிறு இருக்கிறது.
இருபது தாண்டினால் விட்டுவிடு.
பதில் இல்லை என்று மேலே சொல்.
அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். புது வயர், நல்ல சென்சார்,
ஆனாலும் எப்போதாவது
பதில் இல்லை.
ஆறு மணி ரயில் போனது. ஏழு மணி ரயிலும்.
பிறகுதான் உறைத்தது:
அரை மில்லிநொடி என்று படுத்த என் நிரலை
மற்ற வேலைகள் நெருக்கித் தள்ளி
முப்பது கழித்து எழுப்பியிருக்கின்றன.
அதற்குள் சென்சார் அளந்து முடித்து
பதிலைக் கையில் வைத்தபடி நின்றிருக்கிறது.
எழுந்தது மணியை மட்டும் பார்த்துவிட்டு
நீ பேசவே இல்லை என்று போய்விட்டது.

எனவே ஒரு வரி, கெடுவுக்குக் கீழே:
போகுமுன் இன்னொரு முறை கேள்.
தூங்கியது நீயாக இருக்கலாம்.

வியாழனன்று பெட்டி திரும்பப் பள்ளத்துக்குப் போனது,
வயருக்கு இரும்பு உறையோடு.
மரநாய்க்கு நாங்கள் எந்தக் கெடுவும் வைக்கவில்லை.