கொசோங்

இரவு ஷிஃப்ட் முடிந்து, காலை ஏழரைக்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் கேண்டீனில்
என் எதிரே வந்து உட்கார்ந்தாள் கோகிலவாணி.
ஆய்வில் அவள் பெயர் நாற்பத்தொன்று.

போன ஒரு மாதத்தில் எத்தனை தடவை
இனி முடியாது என்று தோன்றியது?
இல்லவே இல்லை என்றால் சுழியம்,
எப்போதும் என்றால் நான்கு.

"கொசோங்," என்றாள்,
தே-ஓ கடையில் சீனி வேண்டாம் என்று
சொல்கிற அதே குரலில்.

சின்ன விஷயத்துக்கும் கோபம்?
"கொசோங்."
தூக்கம் கெட்டது?
"தூங்குனாத்தானே கெடும். கொசோங் போடு லா, பஸ் வந்துரும்."

பத்துக் கேள்வி, பத்து வட்டம்.
படிவம் முட்டைத் தட்டுபோல் இருந்தது.

மன அழுத்தம் என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நின்றாள்.
"அழுத்தமா? அது இருக்கு. நூத்தி அறுபது.
மாத்திரையைக் காலையில போடச் சொல்லி
கிளினிக்ல எழுதிக் கொடுத்தாங்க.
எனக்கு எது காலை, தங்கச்சி?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

எச்சில் சேர்க்கும் குப்பிகளை நீட்டினேன்.
எழுந்ததும் ஒன்று, அரைமணி கழித்து ஒன்று, படுக்குமுன் ஒன்று.
முப்பது வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு உண்டு.
"துப்பறதுக்கு முப்பது வெள்ளியா!
இத்தனை வருஷமும் சும்மாவே முழுங்கிட்டேனே."
சிரித்தது அவள் மட்டும்தான்.

ஆய்வகத்திலிருந்து கோடு வந்தது.
எழுந்ததும் தண்ணீர்மலை ஏறி
படுக்கப்போகையில் அடிவாரம் சேரவேண்டிய கோடு,
பட்டர்வொர்த் ஃபெரியின் மேல்தளம்போல்
தட்டையாக நீண்டு கிடந்தது.
பத்துச் சுழியம் சொன்ன ஆளை
நீக்கிவிடலாம் என்றார் பேராசிரியர்.
நான் நீக்கவில்லை. சொல்லவும் இல்லை.

கிளினிக் தாதியைக் கேட்டுக்கொண்டு
மாத்திரை உறையில் 'காலை'யை அடித்து
'எழுந்து, முதல் தே-ஓவுக்கு முன்' என்று மாற்றினோம்.
பிற்பகல் நாலு மணி. அவளுக்கு அது விடியல்.

மூன்று மாதம் கழித்து அதே கேண்டீன், அதே படிவம்.
ரத்த அழுத்தம் நூற்று முப்பத்தெட்டு.
இனி முடியாது என்று எத்தனை தடவை...
வாய் திறந்தாள், மூடினாள்.
வெளியே பஸ் ஹாரன் அடித்தது. எழவில்லை.
"மூணு போடு," என்றாள். "இல்ல, நாலு.
போன தடவையும் நாலுதான்."

அறிக்கையில்
நாற்பத்தொன்றின் நிலை
மோசமாகியிருக்கிறது.