ஒருமை

வியாழன் இரவு, ஈசூன்.
சமூக மன்றத்தில் இரண்டு மணி நேரம் பூப்பந்து ஆடிவிட்டு
வியர்வை காயாத சட்டையோடு
பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தோம், ஐந்து பேர்.
பழக்கமாகி ஏழு வாரம்.
யாருக்குத் தே ஓ கோசோங், யாருக்குச் சீனி தூக்கல் என்று
கடைக்காரருக்கே மனப்பாடம்.
ஆனால் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர்
இன்னும் போனதில்லை.

ஜெயசீலி கேட்டாள்:
"நீங்க பிடிஓ போட்டாச்சா?"

இந்த ஊரில் காதலைப் பற்றி
இதைவிட நேராக யாரும் கேட்பதில்லை.

"இல்ல. முப்பத்தஞ்சு ஆகட்டும்னு இருக்கேன்.
தனியாளுக்கு அப்பத்தான குடுப்பாங்க."

"தனியாளா?
போன வாரம் காய்ச்சல்னு படுத்தப்ப
ரசம் வச்சுக் குடுத்தாங்கன்னு சொன்னீங்க?"

சொன்னேன்.
காய்ச்சலும் உண்மை, ரசமும் உண்மை.
அந்த 'ஆங்க'வுக்குள்தான்
ஒன்பது வருடமாக நாங்கள் இருவரும் குடியிருக்கிறோம்.
அவங்களுக்கு நைட் ஷிஃப்ட்.
அவங்களுக்குக் கத்தரிக்காய் ஆகாது.
அவங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.
கேட்கிறவர்கள் தாங்களாகவே
அதற்கொரு சுடிதார் உடுத்தி, பொட்டும் வைத்துவிடுவார்கள்.
நான் பொய் சொன்னதே கிடையாது.
மரியாதை கொடுத்தேன், அவ்வளவுதான்.

அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.
அவனுடைய மாண்டரினில் 'தா' என்றால்
அவனும் அதுதான் அவளும் அதுதான்.
எழுதினால்தான் மாட்டிக்கொள்வான்.
அம்மாவுக்கு அவன் எழுதுவதில்லை.

வரும்போது ரயிலில் ஒத்திகை பார்த்திருந்தேன்,
அட்மிரல்டியிலிருந்து செம்பவாங் வரை,
'உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்' என்று தொடங்கும்
நீளமான, கண்ணியமான பேச்சு.
அதில் ஒரு சொல்லும் வரவில்லை.

"அவன்தான் வச்சான்" என்றேன்.
"பேரு ஜுன் ஹாவ்."

கல்லில் யாருடைய முட்டைப் பரோட்டாவோ
சீறிக்கொண்டிருந்தது.

ரஹ்மத்துல்லாதான் முதலில் வாயைத் திறந்தான்:
"சீனப் பையனா? ரசமா?
புளி கரைக்கத் தெரியுமா அவனுக்கு?"
அவனை வியப்பிலாழ்த்தியது அது ஒன்றுதான்.
தவநேசன் போனில் ஓடிய பந்தாட்டத்தை
இன்னும் உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினான்.
இடைவேளை விளம்பரத்தையும் பார்த்தான்.
ஜெயசீலி, "சாரி, நான் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.
கேட்டதுதான் நல்லது என்று சொல்லியிருக்கலாம்.
"பரவால்ல" என்றேன்.
தலைவலி, வயிற்றுவலி, எல்லாவற்றுக்கும் நாம் தடவும்
கோடாலித் தைலம் அந்தச் சொல்.

நவிந்திரன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.
மழை பிடித்திருந்தது, சாரல் அவன் பக்கம்தான் அடித்தது.
நாற்காலி நகர்ந்தது மழைக்காகவா எனக்காகவா,
எனக்கு இன்னும் தெரியாது.

பில் இருபத்தேழு வெள்ளி நாற்பது காசு.
நான் கட்டினேன். ஐந்தால் வகுத்தோம்.
நவிந்திரன் தன் பங்கை அங்கேயே அனுப்பினான்,
ஐந்து வெள்ளி ஐம்பது காசு.
இரண்டு காசு கூடுதல்.
பேருந்தில் உட்கார்ந்து அதற்கும் அர்த்தம் தேடினேன்.
எழுநூற்றுப் பன்னிரண்டாம் புளோக் வரை தேடினேன்.
அடுத்த வியாழனுக்கு யார் வருவார்கள் என்று
விரல் விட்டு எண்ணினேன், இரண்டு விதமாக.

கதவைத் திறந்தபோது
அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்,
ஒரு காலில் மட்டும் காலணி.
"இன்று உன்னை நாலு பேர் முன்னால்
மரியாதை இல்லாமல் பேசிவிட்டேன்" என்று
ஆங்கிலத்தில் சொன்னேன்.
"ஏன், என்ன சொன்னாய்?"
விளக்கிப் பார்த்தேன்.
ஆங்கிலத்தில் அது நிற்கவே இல்லை,
ஈரக் காகிதம் போலத் தொய்ந்து விழுந்தது.
அவன் சிரித்துவிட்டு
இன்னொரு காலணியைத் தேடிக் குனிந்தான்.
கட்டிலுக்கடியிலிருந்து குரல் மட்டும் வந்தது,
தனக்குத் தெரிந்த ஆறு தமிழ்ச் சொற்களில் ஒன்றாக:

"சாப்பிட்டியா?"