தண்டவாளத்தில் கத்தியைத் தூக்கு

எட்மன்டன் நகரசபைக்குப் பதினேழு மாரி
பனி வாரும் லாரி ஓட்டினேன்.
விதிப் புத்தகத்தில் ஒரு வரி:
தண்டவாளம் வந்தால் கத்தியைத் தூக்கு.
தூக்காவிட்டால் கத்தியும் போகும், நீயும் போவாய்.
தூக்கிய இடத்தில் மூன்றடிப் பனி
அப்படியே கிடக்கும்.
அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றுமில்லை.

இப்போது என் வலது மூச்சுக்குழாயில்
அப்படி ஓர் இடம்.

டாக்டர் ஒகாஃபோர்
ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரோ ஒன்றை எடுத்து
நடுவில் ஒரு துண்டை வெட்டி எறிந்தார்.
மிச்சத்தோடு மிச்சத்தை
முனைக்கு முனை பிடித்துக் காட்டினார்.
"இவ்வளவுதான்."
கட்டி போய்விட்டது.
சிரிக்க வேண்டிய இடம் அது, சிரித்தேன்.

பிறகுதான் சொன்னார்.
குழாயின் உட்சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள்.
நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் அடித்து
சளியை மேலே மேலே தள்ளும்,
தூசியோடு, கிருமியோடு,
நான் பதினேழு மாரி குடித்த டீசல் புகையோடு.
தொண்டைக்கு வந்ததும் விழுங்கிவிடுவோம்,
விழுங்கியது தெரியாமலே.

தையலில் மயிர் இல்லை.
அந்தக் கோட்டுக்கு வந்ததும் சளி நிற்கும்.

"எவ்வளவு நாளைக்கு?"
ஸ்ட்ரோவைக் குப்பைக்கூடையில் போட்டார்.

பிரெட்னிசோன், காலையில், சாப்பாட்டோடு.
தையலைச் சுற்றி வீக்கம் வற்ற வேண்டும்,
சதை வளர்ந்து வழியை அடைக்கக் கூடாது.
வீக்கம் வற்றினால் சளிக்கும் வழி கிடைக்கும், நல்லது.
ஆனால் புண் ஆறுவதை இதே மாத்திரை பிந்த வைக்கும்,
கிருமி வந்தால் காவல்காரனையும் தூங்க வைக்கும்.
"அந்த மயிர்களுக்கு என்ன செய்யும்?"
ஒரு கையை விரித்தார்,
யோசித்துவிட்டு மற்றக் கையையும் விரித்தார்.
இவ்வளவு படித்த மனுசன்
தெரியாது என்று சொன்னது
ஏனோ எனக்குப் பிடித்திருந்தது.

காவல்காரனைத் தூங்க வைக்கும் மாத்திரை
என்னைத் தூங்க விடுவதில்லை.
இரவு இரண்டு மணிக்கு
பாணும் டின்மீனும் தின்கிறேன்.
குளியலறைக் கண்ணாடியில்
கன்னம் உருண்ட ஒருவர், தூரத்துச் சொந்தம்,
பெயர் வாயில் வருகுதில்லை.

வதனி மூன்று தலையணை அடுக்கி
என்னைச் சரித்துக் கிடத்தி
கையைக் குழித்து முதுகில் தட்டுவாள்.
ஆஸ்பத்திரியில் மரிசெல் பழக்கிவிட்டது.
நேற்று அவளுக்கு என்மேல் ஏதோ கோபம்.
தட்டல் நன்றாக இறங்கியது.
சளியும் வந்தது.
"என்ன நிறம்?"
"வெள்ளை."
"பொய் சொல்லாதையுங்கோ, காட்டுங்கோ."

குழாயோடு நரம்பும் வெட்டுப்பட்டதாம்.
சளி வந்து நின்றாலும் இருமல் கூப்பிடாது,
நாங்கள்தான் நேரம் வைத்து இரும வேண்டும்.
போனில் ஐந்துக்கு ஓர் அலாரம், பதினொன்றுக்கு ஒன்று,
நாலுக்கு ஒன்று, படுக்கப் போகையில் ஒன்று.
முன்பு அலாரம் வேலைக்குப் போக.

வீட்டு வாசல்களுக்குக் குறுக்கே
பனி வரம்பு கட்டிவிட்டுப் போகிறான் என்று
எத்தனை பேர் நகரசபைக்கு அடித்துத் திட்டினார்கள்!
ஒரு கிழவன் பைஜாமாவோடு ஓடிவந்து
மண்வாரியை என் முகத்துக்கு நேரே ஆட்டினான்.
நான் கண்ணாடியை இறக்கவேயில்லை.
லாரிக்குத் தெருதான் கணக்கு,
வாசல் அவனவன் பாடு என்று
அப்போது நினைத்தேன்.
இப்போது மண்வாரி என் கையில்.

காலை ஐந்து.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
யாரோ என் ரூட்டில் வருகிறான்,
உரசலிலேயே தெரிகிறது கத்தி புதுசு.
தண்டவாளத்தில் சத்தம் நிற்கிறது.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
கத்தி விழுகிறது.
கொஞ்சம் பிந்திப் போடுகிறான், பெடியன்.

குனிந்து,
தலையணையை நெஞ்சோடு அணைத்து,
இருமத் தொடங்குகிறேன்.