பல்லில் நூல்

மாதா உதட்டில் ரத்தம் என்று
முதலில் கத்தியது பொடியன்கள்தான்.
ஞாயிறு பூசை முடிவதற்குள்
ஆலங்குளம் வரை தெரிந்துவிட்டது.
திங்கட்கிழமை ஆட்டோவில் வந்திறங்கியவர்கள்
மெழுகுதிரியை எங்கே வைக்க என்று
என்னிடம் கேட்டார்கள்.

நானும் பார்த்தேன்.
கீழுதட்டின் இடது ஓரத்தில் தொடங்கி
நாடியில் படாமல் இறங்கி
விரலைப் பார்த்துப் போகிற சிவப்பு.
ரத்தம் இவ்வளவு நேராகப் போகாது.
இழுத்துப் பிடித்தால்தான் இப்படி நிற்கும்.
ஒன்பது வயதிலிருந்து நான்
நாளுக்கு ஆயிரம் தடவை முடிவது அது.

இஞ்ஞாசி சாமியார் பங்குக்கு வந்த வருசம்
பீடத்துக்கு வடக்குச் சுவர் மொட்டையாகக் கிடந்தது.
வீடு மந்திரிக்க வந்தால்
தீர்த்தம் தெளித்துவிட்டுப் போகமாட்டார்.
எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பார்.
"கண்ணுக்கு வேலையே இல்லையாம்மா?"
"கண்ணு பிள்ளையளப் பாக்க, சாமி."
அன்று ராத்திரி
பனியனும் கைலியுமாக ஏணியில் ஏறினார்.

மங்கள வார்த்தைப் படம்.
சுவரில் சாய்ந்து காலை நீட்டி
மடியில் சுளவோடு மாதா.
சுளவில் நறுக்கின இலை, ஓரத்தில் தூள்.
மடக்குகிற விரலில் தகர நகம்.
கபிரியேல் சம்மனசு
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து
பதிலுக்கு நிற்கிறது.
பல்லில் நூலைக் கடித்திருப்பவள்
எப்படிப் பதில் சொல்வாள்?
முடிச்சு விழட்டும்.

"மாதாவுக்குப் பொகையிலையா?" என்று
சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டார் லூர்துமணி.
காதிடுக்கில் பாதி பீடி இருந்தது.
பாளையங்கோட்டைக்கு மனுப் போனது.
இரண்டு வரியில் பதில் வந்தது.

சாமியார் ஒன்றும் பேசவில்லை.
சுளவின் மேல் ஒரு புத்தகம் வரைந்தார்.
நூலின் மேல் தோல் நிறம் பூசினார்.
ஊர் அதை வேதப்புத்தகம் என்றது.
எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பாஸ்புக்.
"இந்த மாசம் மாதாவுக்கு
எத்தன நாளு போட்டுருக்கான் கம்பெனிக்காரன்?"
ஜெபமாலைக்கு நடுவே சிரிப்பு வந்து
வாயைச் சேலையால் பொத்துவோம்.
தகர நகத்தை அவர் தொடவேயில்லை.
மனு எழுதினவர்கள் அதை
சூசையப்பர் போட்ட மோதிரம் என்று
பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்.

அப்புறம் மாற்றல், இரண்டு பங்கு, சர்க்கரை,
முதிய குருக்கள் இல்லத்தில் ஒரு கட்டில்.
அடக்கத்துக்குப் போன எங்களிடம்
டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள்.
இரண்டு அங்கி, இறுகிப்போன வர்ண டியூப்புகள்,
ஒரு துணி முடிச்சில்
இலை வெட்டுகிற அளவுத் தகடு.
மூலையில் ஆணியால் கீறின என் எழுத்து.
அந்தத் தகட்டுக்காக
மாமியாரிடம் ஒரு வருசம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

இப்போதைய பங்குச் சாமியார்
கூட்டம் பார்த்துப் பயந்து
படம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தார்.
அவர் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.
"அடியில இருக்கது நல்ல எனாமல்.
புத்தகமும் இந்த மேல்பூச்சும்
வெறும் சுண்ணாம்பும் காவிப்பொடியும்.
இருவது வருசத்துல உதிரும்னு
தெரியாமலா பூசியிருப்பாரு?"
யாரும் பதில் சொல்லவில்லை.
லூர்துமணிக்கு இப்போது காது கேட்பதில்லை.

திரும்பப் பூசுவதா வேண்டாமா என்று
அடுத்த மாதம் கூட்டம் வைத்திருக்கிறார்கள்.
அதற்குள் புத்தகத்தின் கீழ்மூலை விட்டுவிடும்.
நேற்றே ஒரு இலையின் நரம்பு தெரிந்தது.

வந்தவர்கள் கும்பிட்டுப் போனபின்
மெழுகுதிரிகளை நாலடி தள்ளி வைத்தேன்.
கரி பிடித்தால் நூலின் நிறம் கெட்டுவிடும்.
சம்மனசைப் பார்த்தேன். நிற்கிறது.
எனக்கு நாலு மணிக்குள்
இன்னும் பதினெட்டுக் கட்டு.