பதின்மூன்று

பன்னிரண்டாம் வாரத்தின் கடைசி நாள்
நெஞ்சில் ஒட்டியிருந்ததையெல்லாம் உரித்துவிட்டு
ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்,
செண்பகவல்லியில் ஓர் எழுத்து குறைய.
என் பச்சைக்கோடு ஓடிய திரையில்
அடுத்தவளுடையது ஓடத் தொடங்கியிருந்தது.
இனி என்னை யாரும் பார்க்கவேண்டியதில்லை.

வாரம் ஐந்து நாள், அரைமணி நேரம், கடலோரம் நடக்கவும்
என்ற தாள் ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கடியில்.
அதை அச்சிட்டது ஜனவரியாக இருக்கும்.
இது ஃபஹாஹீலில் ஜூலை,
காலை ஐந்தரைக்கே கடலோரக் கம்பி கையைச் சுடும்.

முதல் வாரம் நான்கு நாள் போனேன்.
அடுத்த வாரம் நாத்தனார் விசிட் விசாவில் வந்தாள்.
பிறகு புழுதிக்காற்று.
பிறகு அவருக்கு இரவு ஷிப்டு.
பிறகு ஒன்றுமில்லை, சும்மாதான்.

அப்போதுதான் வாட்ஸப்பில் அந்தக் குரல்,
ஒரே சொல்: "தலத்தாஷ்?"

உம்மு தலால். பக்கத்து டிரெட்மில்.
என் அரபி காய்கறிக் கடையோடு சரி,
அவளுக்குத் தமிழும் மலையாளமும் ஒன்று.
நர்ஸ் மரிசெல் சுவரில் ஒட்டிவைத்த
ஆறு முதல் இருபது வரையிலான எண்கள்தான்
எங்களுக்குள் பாஷை.
ஆறென்றால் சோபாவில் கிடப்பது.
இருபதென்றால் இதற்குமேல் உயிரில்லை.
பதின்மூன்றில் மூச்சு வாங்கும், ஆனால் பேசலாம்.
அங்கேயே இரு, தாண்டாதே என்பாள் மரிசெல்.

ஷட்டர் தூக்காத மாலில் ஏழு மணிக்கு நடக்கிறோம்.
அபாயாவுக்குக் கீழே அவளுக்கு ஆரஞ்சு ஷூ,
எனக்கு மகன் போட்டுக் கழித்தது.
மருந்துக்கடை முதல் நகைக்கடை வரை
தலையில்லாத பொம்மைகள்
தள்ளுபடி உடுப்பில் நிமிர்ந்து நிற்கின்றன,
ஒன்றுக்கும் மார்பில் தையல் இல்லை.
துடைப்பவர் ஈரத்தரைப் பலகையை
எங்களுக்காக ஓரம் நகர்த்துகிறார்.

இன்று ஆறாவது சுற்று.
வேர்வை இறங்கித் தழும்பு அரிக்கிறது.
வாடகை ஏறுமென்ற பேச்சில் இரவு தூக்கமில்லை.
"தலத்தாஷ்?" என்கிறாள்.
"இஹ்தாஷ்," என்கிறேன். பதினொன்று. சுலபம்.

அவள் பதில் சொல்லவில்லை.
என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள்,
அது ஏறி இறங்குவதை.
பிறகு ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டதாக
பெஞ்சைக் காட்டி உட்கார்ந்து,
நன்றாகவே இறுகியிருந்த முடிச்சை அவிழ்த்து
மெதுவாக, மிக மெதுவாக,
முதலில் இடதுகால்,
அப்புறம் யோசித்து வலதும்,
மறுபடி கட்டினாள்.