எட்டு பிட் பனி

பகல் இங்கே நாலு மணி நேரந்தான்.
சூரியன் மலைக்குப் பின்னாலேயே இருந்துவிட்டுப் போய்விடும்.
அதற்குள் ஏறி, எடுத்து, இறங்க வேண்டும்.
மேல் தெருவுக்கு மேலே நிற்கும் சரிவை
இன்றைக்கு முப்பத்தொரு படம் எடுத்தேன்,
விரல் மரத்து ஒரே காட்சியை ஏழு தடவை.

ரா கோப்பைத் திறந்தால்
கழுவாத கண்ணாடித் தம்ளர் மாதிரி மங்கல்.
அழகில்லை. ஆனால் எதையும் கீழே போடவில்லை.
சென்சாரில் விழுந்த ஒளியையெல்லாம்
கஞ்சன் சில்லறையை அடுக்குவதுபோல
எண்ணி வைத்திருக்கிறது:
கறுப்பிலிருந்து வெளுப்புக்கு
பதினாறாயிரத்துச் சொச்சம் படி.

நகராட்சிக்கு அது ஆகாது.
பிரின்யோல்வூரின் கணினியில் திறக்காது.
படிவத்தில் போட்டிருக்கிறது:
ஜேபெக் மட்டும். இரண்டு எம்பிக்குள்.
நியாயந்தான்.
ஜேபெக் எங்கும் போகும்.
மீன் ஆலையின் அறிவிப்புத் திரையில்,
மீட்புக் குழுவின் கீறல் விழுந்த கைப்பேசியில்,
எந்த வீட்டிலும் செருப்போடு நுழைந்துவிடும்.

'தானியங்கி' என்றொரு பொத்தான்.
அழுத்தினேன்.
பனி பளீரென்று வெளுத்தது.
காலண்டரில் போடலாம்.

மறுபடி ராவுக்குப் போனது
தேதியைச் சரிபார்க்கத்தான்.
மூன்றாவது வேலிக்குக் கீழே,
வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே,
தலைமுடி கிடப்பதுபோல ஒரு கோடு.
திரையில் ஒட்டியதோ என்று
சட்டைக் கையால் துடைத்தேன்.
போகவில்லை.
மலையில் அளந்தால் அறுபது மீட்டர் இருக்கும்.

மாற்றிய படத்தில் அதே இடம்
அழித்த பலகை.
பதினாறாயிரம் படி
இருநூற்று ஐம்பத்தாறாகச் சுருங்கும்போது
எந்தப் படியில் யார் நின்றார் என்று
கேட்பார் இல்லை.
கண்ணுக்குத் தெரியாததைத்தான் விடுகிறேன் என்கிறது மென்பொருள்.
யார் கண்ணுக்கு?

ஒளியைக் குறைத்தேன். ஒரு ஸ்டாப். ஒன்றரை.
பனி சாம்பல் கரைத்த தண்ணீரானது.
கோடு மெல்ல மேலே வந்தது.
தரத்தைக் குறைத்தால்
கட்டம் கட்டமாக அதைக் கடித்தது;
கூட்டினால் மூன்று எம்பி.
வானத்தை வெட்டினேன்.
ஃபியர்டை வெட்டினேன்,
தேவாலயத்தின் சிவப்புக் கூரையையும்.
ஒன்று புள்ளி ஒன்பது ஆறு.
அனுப்பினேன்.

"தோர்கட்லா, கேமரா பழுதா?
பனி ஏன் இவ்வளவு அழுக்கு?"

"அழுக்கைத்தான் பாருங்கள்.
மூன்றாவது வேலிக்குக் கீழே."

பேச்சில்லை.
அச்சுப்பொறி ஓடியது.
பிறகு நாற்காலி இழுபடும் சத்தம்.

அன்று இருட்டுவதற்குள்
பத்தொன்பது வீடுகளைக் காலி செய்தார்கள்.
ஸ்டெய்ன்கெர்துர் தன் பூனையை
மீன் பெட்டியில் போட்டு, மேலே துண்டை மூடி,
துறைமுகக் கிடங்குக்குத் தூக்கி வந்தாள்.
இரண்டு ராத்திரி.
சரிவு விழவில்லை.
காற்று திசை மாறி, குளிர் இறுக,
கோடு தானாக மூடிக்கொண்டது.

கூட்டுறவுக் கடையில் ஆர்ன்ஃபின்னூர் சொன்னான்,
எல்லாருக்கும் கேட்கும்படி:
"படத்தைக் கறுப்பாக்கி எங்களைத் துரத்திவிட்டாய்."
பால் வாங்கினேன்.
அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.
நான் செய்தது அதுதான்.

இன்று சுற்றுலாப் பிரிவிலிருந்து கேட்டிருக்கிறார்கள்,
ஊர்ப் பக்கத்துக்கு ஒரு படம்,
மலை, கூரை, கடல் எல்லாம் தெரிய,
பளிச்சென்று.
தேடினேன். நல்லதாக ஒன்றுதான் இருந்தது.
தானியங்கியை அழுத்தினேன்.
கோடு போயிற்று,
கூரையின் சிவப்பு வந்தது.

அனுப்பிய பிறகு
கோப்பின் எண்ணைப் பார்த்தேன்.
பதினேழு.
அதே பதினேழு.